படித்தால் ஊரை விட்டுப் போகவேண்டுமா? நகரத்து அப்பலாச்சியக் குடும்பங்களுக்கு ஆதரவும் கல்வியும்: முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு நாற்காலிகள். பன்னிரண்டும் காலி. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலனாகச் சேர்ந்த முதல் வருடம், மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பலகையில் "பின்னங்கள்: மறுபார்வை" என்று எழுதிவிட்டு ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த செவ்வாயன்று, ஐம்பது வயதைத் தாண்டிய மாணவி ஒருவரிடம் காரணம் கேட்டேன். "கல்லறையைச் சுத்தம் செய்யக் கென்டக்கிக்குப் போயிருந்தோம். நீங்கள் உங்கள் ஊருக்குப் போகவில்லையா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் பிறந்தது சின்சினாட்டியில். பக்கத்து மாநிலமான கென்டக்கியின் மலையில் பிறந்தது அவருடைய அம்மாதான். ஆனாலும் ஊர் என்றால் அவருக்கு அதுதான்.

அந்த நாற்காலிகள் எனக்குக் கற்றுக்கொடுத்ததையும், அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஓஹையோ பக்கம் வேலைக்கு வந்து, வார இறுதியில் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்கும், சமூகப்பணி படிக்கிறவர்களுக்கும், ஒரு சிறிய மையத்தை நடத்திப் பார்க்கத் துணிந்தவர்களுக்கும் இது பயன்படும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சின்சினாட்டியிலிருந்தே வரும். அப்பலாச்சிய மலைகளிலிருந்து நகரங்களுக்குக் குடிவந்தவர்களைத்தான் நகரத்து அப்பலாச்சியர் என்கிறேன், அவர்களுடைய இயக்கம் என்று ஒன்று பேர்சொல்லும்படி வளர்ந்தது அங்கேதான்.

தொடங்கும் முன்: இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்

நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியில் தொடங்கி மிசிசிப்பி வரை 13 மாநிலங்களில் நீளும் மலைநாடு அப்பலாச்சியா. 1965-இல் அமெரிக்க அரசு இதற்கென்று தனிச் சட்டம் இயற்றி, அப்பலாச்சிய வட்டார ஆணையத்தை அமைத்தது. 1940-க்கும் 1970-க்கும் இடையில் இந்த மலைகளிலிருந்து முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். சிறு விவசாயம் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. 1950-க்குப் பிறகு நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரங்கள் நுழைந்தன. பலர் செய்த வேலையை ஒரு இயந்திரம் செய்தது.

போன இடங்கள் கண்மூடித்தனமாகத் தேர்ந்தவை அல்ல. அக்ரனில் டயர், டெட்ராய்ட்டில் கார், மிடில்டவுனில் எஃகு, ஹாமில்டனில் காகிதம், சிகாகோவின் அப்டவுன் பகுதியில் தினக்கூலி வேலைகள். மாமா போன ஊருக்கு மருமகன் போனான். அவன் அனுப்பிய கடிதத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் போனான். கிழக்குக் கென்டக்கியில் அந்தக் காலத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு இருந்தது: பள்ளியில் கற்பிப்பது மூன்று, வாசிப்பு, எழுத்து, வடக்கே போகும் 23-ஆம் எண் சாலை. ஹாமில்டன் நகரத்தை இன்றும் கிண்டலாக "ஹாமில்டக்கி" என்பார்கள்.

இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். இந்தக் குடும்பங்களுக்கு வேலை, வீடு, கடன், குழந்தை பார்த்துக்கொள்ள ஆள் எல்லாமே உறவுக்காரர்கள் மூலம்தான் கிடைத்தது. பள்ளியோ, அவர்கள் கண்ணெதிரே, ஆளை உறவிலிருந்து பிரித்துக் கொண்டுபோகும் இடமாகவே இருந்தது. படித்தவன் மலையை விட்டுப் போய்விடுவான், திரும்பமாட்டான். உங்கள் திட்டம் எதுவாக இருந்தாலும் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

படி 1: சரியான கேள்வியைக் கேளுங்கள்

"நீங்கள் அப்பலாச்சியரா?" என்று யாரையும் கேட்காதீர்கள். பாதிப்பேர் இல்லை என்பார்கள். அந்தச் சொல்லே அவர்களுக்கு ஏதோ ஆய்வாளர் வைத்த பெயர். மீதிப்பேர் "ஹில்பில்லியா என்று கேட்கிறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓஹையோவில் இதற்கு இன்னொரு வசைச்சொல்லும் உண்டு, "பிரையர்". முட்செடி என்று பொருள். அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு சொல்லலாம், நீங்கள் சொல்லக்கூடாது.

கேட்கவேண்டியது இது: "அம்மா அப்பாவுக்கு எந்தக் கவுண்ட்டி?" கவுண்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. முகம் மலரும். பிரெத்திட், ஹார்லன், பெரி, கிளே என்று கென்டக்கியின் கவுண்ட்டிப் பெயர்கள் வரிசையாக வரும். எந்த ஓடைக்கரை, எந்தப் பள்ளத்தாக்கு என்பதும் சேர்ந்து வரும். சின்சினாட்டி வட்டாரத்தின் ஆய்வாளர்களும் இதையே முறையாக்கியிருக்கிறார்கள். மலைக் கவுண்ட்டியில் பிறந்தவர் முதல் தலைமுறை. பெற்றோரில் ஒருவராவது அங்கே பிறந்திருந்தால் இரண்டாம் தலைமுறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களுக்கென்று கட்டம் இல்லாததால், எண்ண வேறு வழியில்லை.

இந்த வரையறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. பேரன் பேத்திகள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். பாட்டியை "மேமா", தாத்தாவை "பேப்பா" என்று கூப்பிடுகிற, விடுமுறைக்கு மலைக்குப் போகிற ஏழு வயதுப் பையன் எந்த அட்டவணையிலும் வரமாட்டான். உங்கள் சேர்க்கைப் படிவத்தில் தாத்தா பாட்டி பிறந்த இடத்துக்கும் ஒரு வரி விடுங்கள்.

இன்னும் ஒன்று. அப்பலாச்சியர் என்றதும் வெள்ளையரை மட்டும் கற்பனை செய்யாதீர்கள். ஹார்லன் கவுண்ட்டியின் லிஞ்ச், பென்ஹம் போன்ற சுரங்க ஊர்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்களும் இதே சாலைகளில் வடக்கே வந்தன. அவர்களுடைய ஈஸ்டர்ன் கென்டக்கி சோஷியல் கிளப் பல நகரங்களில் கிளை விட்டு, ஆண்டுதோறும் கூடிவருகிறது. கவிஞர் ஃபிராங்க் எக்ஸ். வாக்கர் 1991-இல் "அஃப்ரிலாச்சியன்" என்ற சொல்லையே இவர்களுக்காக உருவாக்கினார்.

உச்சரிப்புக்கும் ஒரு வார்த்தை. மலையின் தென்பகுதிக்காரர்கள் "ஆப்பலாட்ச்சா" என்பார்கள். வெளியாட்கள் "ஆப்பலேஷா" என்பார்கள். முதல் நாளே இரண்டாவதைச் சொல்லிவிட்டால், நீங்கள் மனுக்கொடுக்க வைக்கும் அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

படி 2: முன்பு செய்த தவறுகளைப் படியுங்கள்

1954 ஏப்ரலில் சின்சினாட்டி மேயரின் நல்லுறவுக் குழு, நகரத்துக்கு வந்த மலைக்காரர்களைப் பற்றி ஒரு பயிலரங்கு நடத்தியது. பெரியா கல்லூரியின் சமூகவியலாளர் ராஸ்கோ கிஃபின் பேசினார். ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். நல்லெண்ணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் "அவர்களை எப்படிப் புரிந்துகொள்வது" என்று இவர்கள் கூடிப் பேசினார்களே ஒழிய, கூட்டத்தை நடத்துமிடத்தில் அவர்கள் இல்லை.

மாற்றம் தெருவிலிருந்து வந்தது. ஹார்லன் பக்கத்திலிருந்து வந்த எர்னி மைனாட் 1960-களில் ஓவர்-த-ரைன் பகுதியின் மெயின் தெருவில் பையன்களோடு பேசிக்கொண்டே நாளைக் கழித்தார். மேசை, கோப்பு, முன்பதிவு எதுவும் இல்லை. காவல் நிலையத்திலிருந்து ஒருவனை வெளியே கொண்டுவருவது, இன்னொருவனுக்கு வேலை தேடுவது என்று போகும். அவருக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் மலோனி, அவரும் கென்டக்கி மலைக்காரர். 1974-இல் நகர்ப்புற அப்பலாச்சியர் பேரவை உருவானபோது முன்னின்றவர் மலோனி. நகரத்தின் அப்பலாச்சியத் திருவிழாவும் அந்தக் காலத்துப் பயிர்தான்.

சிகாகோவின் அப்டவுனில் கதை வேறு விதமாகப் போனது. அங்கே இளைஞர்கள் 1968-இல் யங் பேட்ரியட்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, அடுத்த ஆண்டு கறுப்பின இளைஞர்களின் பிளாக் பேந்தர் அமைப்போடும், புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸ் அமைப்போடும் கைகோத்தார்கள், இலவச மருத்துவ நிலையமும் நடத்தினார்கள். எல்லா மையமும் அரசியல் மேடையாகவேண்டும் என்று சொல்லவில்லை. "மலைக்காரர்கள் ஒன்றுசேரமாட்டார்கள்" என்று யாராவது நிதிக்குழுவில் ஆரம்பித்தால் சொல்வதற்கு இது கைவசம் இருக்கட்டும்.

படி 3: நடந்து வரும் தூரத்தில் இடம் பிடியுங்கள்

இந்தப் படியில் கஞ்சத்தனம் வேண்டாம், நேரத்தையும் பணத்தையும் இங்கே கொட்டுங்கள்.

சின்சினாட்டியின் லோயர் பிரைஸ் ஹில் ஒரு சின்னஞ்சிறு பகுதி. மில் கிரீக் பள்ளத்தாக்கில், தொழிற்சாலைகளுக்கும் குன்றின் அடிவாரத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்ட சில தெருக்கள். அங்கே ஆய்லர் பள்ளி இருக்கிறது. நெடுங்காலம் அது எட்டாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் படிக்கப் பிள்ளைகள் குன்றேறி வேறு பகுதிப் பள்ளிகளுக்குப் போகவேண்டும். தூரம் சில மைல்தான். ஆனால் அங்கே போன பிள்ளையைப் பேச்சை வைத்தே கிண்டல் செய்தார்கள். அவனுக்குத் தெரிந்த ஆசிரியர் அங்கே ஒருவரும் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் பாட்டியால் நடந்து போய் அழைத்துவர முடியாது. பலர் எட்டோடு நின்றார்கள். வீட்டில் யாரும் பெரிதாக வருத்தப்படவும் இல்லை. அவர்களும் அங்கேயே நின்றவர்கள்தாம்.

பகுதி மக்கள் விடாமல் கேட்டார்கள். 2000-களின் நடுவில் அந்தப் பள்ளியிலேயே மேல்வகுப்புகள் தொடங்கின. குன்றேறவேண்டிய கட்டாயம் நீங்கியது, பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கத் தொடங்கினார்கள். பாடத்திட்டம் மாறவில்லை, பிள்ளைகளும் மாறவில்லை, மாறியது முகவரி மட்டும்தான்.

ஆகவே மையத்துக்கு இடம் தேடும்போது வாகன நிறுத்துமிடத்தைப் பார்க்காதீர்கள். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பாட்டி பத்து நிமிடத்தில் வந்து சேர முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் பெரிய சாலையோ ரயில் பாதையோ குறுக்கிட்டால், வரைபடத்தில் எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாலும் அது வேறு ஊர். பயன்படாமல் கிடக்கும் தேவாலயக் கட்டடங்கள் பெரும்பாலும் நல்ல தேர்வு. லோயர் பிரைஸ் ஹில்லில் 1970-களின் தொடக்கத்தில் பகுதி மக்கள் பெரியவர்களுக்கென்று ஒரு சமூகப் பள்ளி தொடங்கினார்கள். பெயர் மாறி, வளர்ந்து, இன்று கம்யூனிட்டி மேட்டர்ஸ் என்ற அமைப்பாக இருக்கும் அது, பழைய செயின்ட் மைக்கேல் தேவாலய வளாகத்திலிருந்துதான் இயங்குகிறது.

படி 4: வகுப்புக்கு முன் சலவை

முதல் மூன்று மாதம் பாடம் எதுவும் நடத்தாதீர்கள். மக்களுக்கு அன்றாடம் இடிக்கும் ஏதாவது ஒன்றைச் சரிசெய்யுங்கள். மேற்சொன்ன அமைப்பு அந்தப் பகுதியில் துணி துவைக்கும் கூடம் ஒன்றைத் திறந்தது. வீட்டில் இயந்திரம் இல்லை, பக்கத்தில் கடையும் இல்லை. அழுக்குச் சட்டையோடு பள்ளிக்குப் போக வெட்கப்பட்டுப் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுவது எல்லா ஏழைப் பகுதிகளிலும் நடப்பதுதான். துணி சுழலும் முக்கால் மணி நேரம் யாரும் எங்கும் ஓடமாட்டார்கள். ஒரு சமூகப் பணியாளருக்கு இதைவிட நல்ல காத்திருப்பு அறை கிடைக்காது.

இலவசம் என்று பலகை மாட்டாதீர்கள். கை நீட்டி வாங்குவது இந்தக் குடும்பங்களுக்கு உறுத்தும். உறவுக்குள் கொடுக்கல் வாங்கல் தாராளமாக நடக்கும், ஏனென்றால் அங்கே திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. சிறு கட்டணம் வையுங்கள், அல்லது வேலையாக வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்கோட்டு வாங்கிப்போன தாத்தா மறுவாரம் வந்து உங்கள் கதவின் கீலைச் சரிசெய்தால் தடுக்காதீர்கள். அன்று அவர் உறுப்பினராகிவிட்டார்.

இதே காலத்தில் காகித வேலைகளில் கைதேர்ந்துவிடுங்கள். முக்கியமானவை மூன்று.

பாட்டி வளர்க்கும் பிள்ளைகள். போதைமருந்துப் பழக்கத்தால் பெற்றோர் காணாமல் போன வீடுகள் இப்போது நிறைய. ஓஹையோ சட்டத்தில் இதற்கு இரண்டு பத்திரங்கள் உள்ளன. பெற்றோர் கையெழுத்திட்டுத் தரும் அதிகாரப் பத்திரம் ஒன்று. பெற்றோரைத் தேடியும் கிடைக்காதபோது தாத்தா பாட்டியே தரும் பிரமாண வாக்குமூலம் இன்னொன்று. பள்ளியில் சேர்க்கவும் மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம் தரவும் இவை போதும். நோட்டரி முன் கையெழுத்தாகவேண்டும், 5 நாட்களுக்குள் சிறார் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஐந்து நாளைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். நீதிமன்றத்துக்கு யாராவது கூடப் போங்கள். பெரியம்மாவோ அத்தையோ வளர்க்கும் வீடு என்றால் நீங்களே முடிவு சொல்லாமல் சட்ட உதவி மையத்துக்கு அனுப்புங்கள்.

வீடு மாறும் பிள்ளைகள். வாடகை கட்ட முடியாமல் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ளும் குடும்பம் தன்னை வீடற்றதாக நினைக்காது. "உறவில்தானே இருக்கிறோம்" என்பார்கள். ஆனால் 1987-இன் மெக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி, வீடிழந்ததால் பிறரோடு ஒண்டியிருக்கும் பிள்ளையும் அந்தக் கணக்கில் வரும். பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்து கேட்கலாம், சான்றிதழ்கள் கையில் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்கச் சொல்லலாம். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்று ஓர் அலுவலர் இருக்கிறார். "வீடற்றவர்" என்ற சொல்லை அந்தத் தாயிடம் உச்சரிக்காமலே இதை முடித்துத் தருவதுதான் திறமை.

மூன்றாவது, பாகுபாட்டுப் புகார். 1992-இல் சின்சினாட்டி நகர மன்றம் இயற்றிய மனித உரிமை ஆணையில், வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் ஒன்றாக அப்பலாச்சிய வம்சாவளியும் சேர்க்கப்பட்டது. இப்படி ஒரு வரி அமெரிக்க நகரச் சட்டங்களில் அரிது. புகார் கொடுக்கிறவர்கள் அதைவிட அரிது. ஆனாலும் அந்தப் பக்கத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அதைப் படித்துவிட்டு "நமக்காகவா?" என்று ஒருவர் கேட்டபோது அவர் குரல் மாறியதை நான் கேட்டிருக்கிறேன்.

படி 5: பெரியவர்களுக்கான வகுப்பு

பிள்ளைகளிலிருந்து தொடங்கவே எல்லோருக்கும் ஆசை, நன்கொடையாளர்களுக்கும் அதுதான் பிடிக்கும். நான் பெரியவர்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். சமையலறை மேசையில் அம்மா புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்குத் தனியாக ஊக்க உரை தேவையில்லை.

பள்ளியிறுதிக்கு நிகரான ஜி.இ.டி. தேர்வுதான் பெரும்பாலும் இலக்கு. நான்கு பாடங்கள்: கணக்கு, மொழி, சமூக அறிவியல், அறிவியல். ஒவ்வொன்றிலும் 145 மதிப்பெண் வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எழுதவேண்டியதில்லை, தேறிய பாடம் தேறியதுதான். இதைப் புதிதாக வருகிறவருக்கு முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். மொத்தத் தேர்வும் ஒரே மலையாகத் தெரிந்துதான் பலர் வாசலோடு திரும்புகிறார்கள். ஓஹையோவில் அரசு உதவியோடு நடக்கும் ஆஸ்பயர் வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஏற்பாட்டோடு இணைந்துகொண்டால் ஆசிரியர் சம்பளச் சுமை குறையும்.

வரிசை முக்கியம். முதலில் சமூக அறிவியலையோ அறிவியலையோ எழுதச் சொல்லுங்கள். இரண்டுமே பெரும்பாலும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறமைதான், சீக்கிரம் கைகூடும். ஒரு பாடம் தேறிய தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஏறிவிட்டால் வீடே அவர் பக்கம் சாய்ந்துவிடும். கணக்கைக் கடைசிக்கு வையுங்கள், ஆனால் முதல் வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுங்கள். கணக்குத் தாளின் முதல் ஐந்து கேள்விகளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, பின்னமும் எதிர்ம எண்ணும் அங்கேதான் காத்திருக்கும். என் மாணவியிடம் முக்காலிலிருந்து ஐந்தில் எட்டுப் பங்கைக் கழிக்கச் சொன்னால் பேனாவை வைத்துவிடுவார். ஒரு நாள் அவர் பையிலிருந்து தைத்துக்கொண்டிருந்த ஒட்டுத்துணிப் போர்வை எட்டிப்பார்த்தது. ஓரத்துக்கு எவ்வளவு துணி விட்டு வெட்டுவீர்கள் என்று கேட்டேன். "கால் அங்குலம், இரண்டு பக்கமும். ஆகவே மூன்றரை வேண்டுமென்றால் நான்காக வெட்டவேண்டும்" என்றார், யோசிக்காமல். அன்றைக்கு ஐந்து போர்வைக் கணக்குகள் போட்டோம். எட்டில் ஐந்தைத்தான் நான் தலைகீழாகச் சொல்லியிருந்தேன் என்பதையும் அவரே கண்டுபிடித்துச் சிரித்தார். அதனால்தான் அவர் பேனாவை வைத்திருந்தார்.

படிக்கவே தெரியாதவர் வந்தால் பயிற்சிப் புத்தகத்தைத் தள்ளி வையுங்கள். 1990-களில் விக்டோரியா பர்செல்-கேட்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் நகரத்து அப்பலாச்சியக் குடும்பம் ஒன்றோடு நெருங்கி வேலை செய்தார். தாய்க்கும் தந்தைக்கும் வாசிக்கத் தெரியாது, மகனும் வாசிக்கத் தெரியாமலே வகுப்பு ஏறிக்கொண்டிருந்தான். தாய் முதியோர் வகுப்புக்குப் போகாமல் இல்லை. போய், புத்தகத்தில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதியதோடு சரி. தன் வாழ்க்கையைத் தன் சொற்களில் நோட்டில் எழுதி, அதையே வாசிக்கத் தொடங்கியபோதுதான் எழுத்து அவருக்கு வசப்பட்டது. இந்த முறைக்குச் செலவு ஒரு நோட்டும் பென்சிலும்தான்.

நேரம்: செவ்வாய், வியாழன் காலை ஒன்று, மாலை ஒன்று. கிடங்குகளில் முறைமாறி வேலை செய்கிறவர்கள் இரண்டில் எதற்கும் வரலாம் என்று இருக்கட்டும். வெள்ளி வேண்டாம், அன்று மாலையே 75-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வண்டிகள் கிளம்பிவிடும். அதே கட்டடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் தெரிந்த முகமும் கட்டாயம். மூன்று வாரம் காணாமல் போய்த் திரும்பி வருகிறவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். மலையில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். "உட்காருங்கள், விட்ட இடம் இதுதான்" என்றால் போதும்.

படி 6: பள்ளியோடு கூட்டு

சின்சினாட்டி பள்ளி வாரியம் 2001-இல் எடுத்த கொள்கை முடிவு, பள்ளிகளைச் சமூகக் கற்றல் மையங்களாக மாற்றியது. பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே மருத்துவம், மனநல ஆலோசனை, மாலைநேரப் பயிற்சி வரும். எது வரவேண்டும் என்று அந்தந்தப் பள்ளியின் பெற்றோரும் ஆசிரியரும் பகுதிமக்களும் அடங்கிய குழு முடிவு செய்யும். எல்லாவற்றையும் இணைக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். நீங்கள் முதலில் நட்பாகவேண்டியது அவரோடு.

ஆய்லரில் 2012-இல் பள்ளிக்குள்ளேயே கண் பரிசோதனை மையம் திறந்தார்கள். கவனம் இல்லை, வாசிக்க மறுக்கிறான் என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பலகையே தெரியவில்லை. வெளியே ஒரு மருத்துவரிடம் அனுப்பினால் அம்மா வேலையை விடவேண்டும், இரண்டு பஸ் மாறவேண்டும். பள்ளிக்குள் என்றால் ஒரு பாடவேளைதான். உங்களால் கண் மையம் திறக்க முடியாமல் போகலாம், பரிசோதனைக்கு ஒரு நாள் வண்டி வரவழைக்கலாம்.

ஆசிரியர்களிடம் பேசவேண்டியது மொழியைப் பற்றி. மலைப் பேச்சில் "மைட் குட்" என்று இரண்டு துணைவினைகள் அடுத்தடுத்து வரும். அது தவறான ஆங்கிலம் என்று நினைக்கிற ஆசிரியர், பிள்ளை வாய் திறக்கும்போதெல்லாம் திருத்துவார். பிள்ளை ஒரு வாரத்தில் வாய் திறப்பதை நிறுத்திவிடும். அதற்கும் இலக்கணம் உண்டு, வீட்டுக்கு ஒன்று பரீட்சைக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பதை எடுத்துச்சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்ற புகாருக்கும் மருந்து உண்டு. கூட்டம் என்று போடாமல் சாப்பாடு என்று போடுங்கள், அழைப்பில் "பெற்றோர்" என்பதற்குப் பதில் "குடும்பத்தார்" என்று எழுதுங்கள்.

படி 7: பண்பாடு, அளவோடு

பாட்டு, ஒட்டுத்துணிப் போர்வை, பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் எல்லாம் வரட்டும். பாட்டிகளின் கதைகளைப் பிள்ளைகளைக் கொண்டே பதிவு செய்யுங்கள். ஆனால் நாடகத்துக்கு வைக்கோல் தொப்பி வாங்காதீர்கள். இங்கே பிறந்து, ராப் கேட்டு வளர்ந்த பதினாறு வயதுப் பெண்ணிடம் போய் உன் பண்பாடு பாஞ்சோ என்றால் அவள் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு நியாயமானது.

படி 8: பணம் நின்றுபோகும் நாளுக்குத் தயாராகுங்கள்

வட்டார ஆணையத்தின் நிதியை நம்பாதீர்கள். அது மலைக் கவுண்ட்டிகளுக்குரியது. சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுண்ட்டி அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது, பக்கத்து கிளெர்மான்ட் கவுண்ட்டி உள்ளே இருக்கிறது. ஊரை விட்டு வந்ததும் அவர்களுக்கான அரசுப் பணமும் எல்லையில் நின்றுவிட்டது என்று இதைச் சொல்லலாம்.

நகர்ப்புற அப்பலாச்சியர் பேரவை நாற்பது ஆண்டுகள் நடந்து 2014-இல் மூடப்பட்டது. ஆய்வும் குரல்கொடுத்தலும் அதன் வழிவந்த நகர்ப்புற அப்பலாச்சியச் சமூகக் கூட்டமைப்பிடம் போனது. வகுப்புகள் தப்பியது எங்கே என்றால், தெருவிலேயே சொந்தக் கட்டடத்தோடு வேரூன்றிய மையங்களில். என் கருத்து கொஞ்சம் கறாரானது: ஐந்தாம் ஆண்டுக்குள் உங்கள் நிர்வாகக் குழுவில் பாதிக்குமேல் அந்தத் தெருக்காரர்கள் இல்லையென்றால், நீங்கள் போன மறுநாள் மையமும் போய்விடும். உங்கள் வகுப்பில் தேறியவரையே அடுத்த வகுப்புக்கு உதவியாளராகச் சம்பளத்துக்கு எடுங்கள். நிதி கேட்டு எழுதும் மனுவில் முதலில் அந்தச் சம்பளத்தைக் கேளுங்கள், கணினிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்டறிக்கைக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணுவீர்கள், எண்ணத்தான் வேண்டும். கூடவே, ஒரே வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்றும் எண்ணுங்கள். அக்கா வந்து, தங்கை வந்து, மூன்றாம் வருடம் மச்சான் தயங்கித் தயங்கி வந்தால், வடக்கே வந்த அதே சங்கிலி இப்போது உங்கள் வாசலுக்கு நீண்டிருக்கிறது.

படி 9: பட்டமளிப்பு

இதைச் சின்னதாக நடத்தாதீர்கள், அங்கியும் தொப்பியும் கட்டாயம். தேதி குறிக்கும் முன் மலையில் கல்லறை சுத்தம் செய்யும் ஞாயிறு எது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சாப்பாடு அவர்களே கொண்டுவருவார்கள், மேசைகளை மட்டும் தயாராக வையுங்கள்.

நாற்காலிக் கணக்கில் நான் இரண்டாம் முறையும் தவறு செய்தேன். ஒருவருக்கு நான்கு என்று போட்டேன். என் மாணவி பெயர் வாசிக்கப்பட்டபோது சுவரோரம் நின்றிருந்தவர்களில் பதினேழு பேர் கைதட்டினார்கள். கென்டக்கியிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த அவருடைய பெரியப்பா மகன் கதவுக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு இருபது என்று போடுங்கள்.